நிற்குமா, நிற்காதா?

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலையில் பொம்மசந்திராவில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பு நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். சென்ற மாத வகுப்பு பிள்ளைகளுக்காக நடக்கவில்லை. ஒரு பிள்ளையின் தகப்பனாருக்காக நடந்தது. அன்று பேசியதைச் சற்று விரிவாக எழுதித் தருமாறு சிலர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

நண்பர் தருமபுரிக்காரர். பதினான்கு ஆண்டுகளாக இங்குள்ள தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் வேலை. இப்போது இரவு ஷிப்டுக்கு அவர்தான் பொறுப்பு. லேசர் இயந்திரத்தில் எஃகுத் தகட்டை ஏற்றுமுன், எந்தத் துண்டை எந்த மூலையில் வைத்து வெட்டினால் கழிவு குறையும் என்று ஒரு கணிப்பொறி கணக்குப் போட்டுத் தரும். பட்டறையில் இதை ‘நெஸ்டிங்’ என்பார்கள். தையற்காரர் துணியை விரித்துப் போட்டுச் சட்டையின் பாகங்களைச் சாக்கட்டியால் வரைந்து பார்ப்பாரே, அதே வேலைதான். வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றிரவு ஒரு மணிக்குத் தொடங்கியது, நான்கு மணி வரை திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. காலை ஏழு மணிக்கு லாரி. நண்பர் நிரலை நிறுத்திவிட்டுப் பழைய வரைவின்படியே வெட்டிக் கொடுத்துவிட்டார். கழிவு அதிகமாயிற்று. ‘இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் முடிந்திருக்கலாமே, ஏன் நிறுத்தினாய்?’ என்று எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டார்கள். பொறுத்திருந்து லாரி போயிருந்தால் ‘ஏன் நிறுத்தவில்லை?’ என்று கேட்டிருப்பார்கள்.

“சார், அந்தப் புரோகிராம் முடியுமா முடியாதான்னு பார்த்துச் சொல்ல இன்னொரு புரோகிராம் எழுதி வைக்கக்கூடாதா? இத்தனை பெரிய கம்பெனிகள் இருக்கிற ஊர்ல இது ஒரு பெரிய விஷயமா?” என்று கேட்டார்.

கணிப்பொறி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவர் மகள் பக்கத்திலேயே இருந்தாள். “முடியாதுப்பா. அப்படி ஒண்ணு எழுதவே முடியாதுன்னு 1936-லயே நிரூபிச்சுட்டாங்க.”

“1936-ல கம்ப்யூட்டரே இல்லையே பாப்பா! இல்லாத வண்டிக்கு எப்படி பிரேக் பிடிக்காதுன்னு சொன்னாங்க?”

நல்ல கேள்வி. இதிலிருந்து தொடங்கிய விவாதம் வெயில் ஏறும் வரை நடந்தது.

முதலில் சொற்களைச் சரிசெய்து கொள்வோம். புரோகிராமை இனி நிரல் என்கிறேன். ஒரு நிரல் வேலையை முடித்து ஓய்ந்தால் ‘நிற்கிறது’; முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ‘நிற்பதில்லை’. நிற்காமல் இருப்பது எப்போதும் பழுதல்ல. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் வழித்தடம் ஆர்.வி. ரோட்டில் தொடங்கி 16 நிலையங்கள், 19.15 கிலோமீட்டர் கடந்து நம் பொம்மசந்திராவில் முடிகிறது. ஓட்டுநர் இல்லாமலும் ஓடக்கூடிய வகையில் அமைந்த இரயில்கள் அவை. வண்டிக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல் பாதியில் ‘என் வேலை முடிந்தது’ என்று நின்றால் என்னாவது? அது சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நம் நண்பரின் நெஸ்டிங் நிரலோ நிற்கவேண்டியது. ஆக, நிற்குமா நிற்காதா என்பதை முன்கூட்டி அறிய விரும்புவது பட்டறைக்காரரின் விருப்பம் மட்டுமன்று.

நண்பர் முதலில் சொன்ன வழி எல்லோருக்கும் தோன்றுவதுதான்: ஓடவிட்டுப் பார்ப்போம். நின்றால் நின்றது. நெடுநேரம் நிற்காவிட்டால், நிற்காது என்று வைத்துக்கொள்வோம்.

இதற்கு நான் நம் நாட்டுக் கணக்கு ஒன்றையே பதிலாகச் சொன்னேன். ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கத்தை 60-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். விடை இன்னோர் எண்ணின் முழு வர்க்கமாக வரவேண்டும். 1, 2, 3 என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், அப்படி ஓர் எண் கிடைத்ததும் நிற்கும்படி ஒரு நிரல் எழுதுகிறோம். நான்காவது அடியிலேயே நின்றுவிடும்: 16-ஐ 60-ஆல் பெருக்கினால் 960, ஒன்று கூட்டினால் 961, அது 31-இன் வர்க்கம். 60-க்குப் பதிலாக 62 போட்டால் எட்டாவது அடியில் நிற்கும்: 64-ஐ 62-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 3969, அது 63-இன் வர்க்கம். சரி, நடுவிலுள்ள 61-க்கு? நான்குக்கும் எட்டுக்கும் இடையில் ஏதாவது வரும் என்றுதானே எண்ணுவோம்?

பிள்ளைகள் ஆளுக்கொரு தாளில் போட்டுப் பார்த்தார்கள். பத்து, இருபது, நூறு. வரவில்லை. நிமிடத்துக்கு ஒன்று வீதம் இராப்பகல் உறங்காமல் பார்த்தால் 430 ஆண்டுகள் கழித்து வரும். அந்த எண் 22,61,53,980. கிடைக்கும் வர்க்கம் 1,76,63,19,049 என்ற எண்ணின் வர்க்கம். கணிப்பொறி இல்லாத 1150-ஆம் ஆண்டில் இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் இந்த 61-ஐயே எடுத்துக்கொண்டு, சக்கரவாளம் என்னும் முறையால் சில அடிகளில் விடையைத் தந்துவிட்டார். ஐரோப்பாவில் ஃபெர்மா இதே 61-ஐச் சவாலாக விட்டது 1657-இல்.

இப்போது அதே நிரலில் 61-ஐ அழித்துவிட்டு 4 என்று போடுங்கள். அது என்றைக்கும் நிற்காது. காரணம் எளியது. எந்த எண்ணின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கினாலும் வருவது ஒரு முழு வர்க்கம். அதோடு 1 கூட்டினால் மறுபடியும் முழு வர்க்கம் வராது. ஏனெனில் அடுத்தடுத்த இரு முழு வர்க்கங்கள் 0, 1 தவிர வேறு இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு நிரலும் ஒன்றுபோலவே ஓடும். ஒன்று 22 கோடி அடி தாண்டி நிற்கும், மற்றது நிற்காது. பத்துக் கோடி அடி வரை பார்த்துக் கை கழுவியவர் 61-ஐயும் நிற்காத பட்டியலில் சேர்த்திருப்பார். ஓடவிட்டுப் பார்ப்பது ‘நிற்கும்’ என்பதற்குச் சாட்சி தரும், ‘நிற்காது’ என்பதற்கு ஒருபோதும் தராது.

ஆனால் நண்பர் விடுபவர் அல்லர். “சார், 4-க்கு நிற்காதுன்னு நீங்க ஓட்டிப் பார்க்காமலே சொன்னீங்களே. அந்த மூளையை ஒரு புரோகிராமுக்குள்ள வைக்கலாமே?” என்றார்.

வைக்கலாம்தான். இந்த வகை நிரல்களுக்கு மட்டும் என்றால் பிசகாத நடுவர் ஒருவரை நாளைக்கே எழுதிவிடலாம்: போட்ட எண் முழு வர்க்கமானால் நிற்காது, இல்லையானால் என்றாவது நிற்கும். இரண்டாவது பாதியை 18-ஆம் நூற்றாண்டில் லக்ராஞ்ச் நிரூபித்தார். அப்பா இந்தச் சுற்றில் ஜெயித்தார் என்று மகளே ஒப்புக்கொண்டாள். விவாதம் அடுத்த படிக்குப் போனது: எல்லா நிரல்களுக்கும் ஒரே நடுவர் உண்டா?

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். தாளும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

அப்படி ஒரு நடுவர் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். நடுவரும் ஒரு நிரல்தான். அவரிடம் இரண்டு தாள்கள் தரவேண்டும். முதல் தாளில் ஏதேனும் ஒரு நிரல் எழுதப்பட்டிருக்கும். இரண்டாம் தாளில் அந்த நிரலுக்கு நாம் கொடுக்கப்போகும் உள்ளீடு. அதாவது 60, 61 போன்றவை. அல்லது ஒரு கடிதம், ஒரு படம், எதுவானாலும் சரி. நடுவர் இரண்டையும் ஆராய்ந்து ‘நிற்கும்’ அல்லது ‘நிற்காது’ என்று சொல்லிவிட்டு ஓய்வார். என்றைக்கும் தவறு செய்யமாட்டார், பதில் சொல்லாமலும் இருக்கமாட்டார்.

நடுவரை வைத்துக்கொண்டு இன்னொரு நிரல் எழுதுவோம். அவனுக்குக் குறும்பன் என்று பெயர். குறும்பனிடம் ஒரே ஒரு தாள்தான் தருவோம், ஏதோ ஒரு நிரல் எழுதிய தாள். அவன் அதை நகலெடுப்பான். ஒரு பிரதியை நிரல் என்றும் மறு பிரதியை உள்ளீடு என்றும் நடுவரிடம் நீட்டி, “இந்த நிரலுக்கு இதே தாளைக் கொடுத்தால் நிற்குமா?” என்று கேட்பான். நடுவர் ‘நிற்கும்’ என்றால், குறும்பன் 1, 2, 3 என்று முடிவில்லாமல் எண்ணத் தொடங்குவான். நடுவர் ‘நிற்காது’ என்றால், அந்த நொடியே நின்றுவிடுவான். சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வது. வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை உள்ளவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

குறும்பனும் நடுவரைப் போல ஒரு நிரல். அவனையும் ஒரு தாளில் எழுதலாம். அந்தத் தாளையே குறும்பனிடம் கொடுத்தால்?

குறும்பன் அதை நடுவரிடம் கொண்டுபோகிறான். இப்போது நடுவர் முன்னுள்ள கேள்வி இது: “குறும்பனிடம் குறும்பனின் தாளைக் கொடுத்தால் நிற்பானா?” நடுவர் ‘நிற்பான்’ என்று சொன்னால் அவன் எண்ணிக்கொண்டே இருப்பான், நடுவர் சொன்னது பொய். ‘நிற்கமாட்டான்’ என்று சொன்னால் உடனே நிற்பான்; அதுவும் பொய். பேசாமல் இருந்தால் ‘எப்போதும் பதில் சொல்வேன்’ என்ற வாக்குத் தவறியது. ஆகவே, நாம் கேட்ட இலக்கணங்கள் எல்லாம் பொருந்திய நடுவர் இருக்கவே முடியாது.

மாடியில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஒரே இரைச்சல்.

“அவனவன் தாளை அவனவன்கிட்டயே குடுக்கறது என்ன நியாயம் சார்? தராசைத் தராசிலயே வச்சு நிறுக்கற மாதிரி இருக்கு” என்றார் நண்பர். கேட்க விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிரல் என்பது எழுத்துகளின் வரிசை. நீங்கள் கடிதம் தட்டச்சு செய்யும் நிரலைக் கொண்டு அந்த நிரலின் எழுத்துகளையே திறந்து படிக்கலாம். நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்கள் பலவும் தம்மைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. நடைமுறையில் அன்றாடம் நடப்பதுதான்.

“சரி, குறும்பன் மாதிரி ஆளுங்களை உள்ளேயே விடவேண்டாம். மத்தவங்களுக்கு மட்டும் நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும்.” இது இரண்டாவது ஆட்சேபம். ஆனால் குறும்பன் எந்த வேடத்தில் வருவான் என்று யார் கண்டது? வரிகளை இடம் மாற்றி, வேண்டாத கணக்குகளை நடுவில் செருகி, வேறு மொழியில் எழுதி, ஓராயிரம் வேடம் போடலாம். ஒரு நிரல் ‘குறும்பனைப் போல் நடக்கிறதா’ என்று எப்போதும் சரியாகச் சொல்லும் நிரலும் இருக்கமுடியாது. ஒரு நிரலின் நடத்தையைப் பற்றிய இத்தகைய கேள்விகள் அனைத்துக்கும் இதே கதிதான் என்று 1953-இல் ரைஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் நிரூபித்திருக்கிறார்.

மகளிடமிருந்து வந்ததுதான் எனக்குப் பிடித்த கேள்வி. “மாமா, நடுவரே இல்லைன்னு ஆயிடுச்சு. அப்ப நடுவரை உள்ளே வச்சு எழுதின குறும்பனும் இல்லைதானே? இல்லாத ஒருத்தனை வச்சு எப்படி வாதம் பண்றோம்?” உண்மை. அந்தக் குறும்பன் வாதத்துக்காகப் பிறந்து வாதத்தோடு மறைகிறான். ஆனால் நாளை யாராவது ‘இதோ என் நடுவர்’ என்று ஒரு நிஜமான நிரலைக் கொண்டுவந்தால், அதை வைத்து நிஜமான குறும்பன் ஒருவனை எழுதலாம். அவன் விஷயத்தில் அந்த நடுவர் தவறாகச் சொல்வார், இல்லையென்றால் ஊமையாவார். ஒவ்வொரு நடுவருக்கும் அவரவர் குறும்பன் தனியாக உண்டு.

இன்னொரு ஆட்சேபம் வந்தது. இதைப் பல பாடப் புத்தகங்கள் சொல்லாமல் போய்விடுவதால் இங்கே எழுதுகிறேன். “கம்ப்யூட்டரோட மெமரிக்கு ஓர் அளவு இருக்கே. அதுக்குள்ள எத்தனை விதமான நிலைதான் வரமுடியும்? ஒருதடவை வந்த நிலையே மறுபடி வந்தா சுத்துதுன்னு அர்த்தம்தானே?” என்றான் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். சரியான வாதம். வெளியிலிருந்து புதிய உள்ளீடு வராதவரை, அளவுள்ள நினைவகம் கொண்ட இயந்திரத்துக்கு இப்படிக் கண்டுபிடிக்கலாம், கொள்கையளவில். ஆனால் கணக்கைப் பாருங்கள். இன்றைய முறையில் பன்னிரண்டு தமிழ்க் குறிகளைச் சேமிக்கவே ஏறத்தாழ 300 பிட் வேண்டும். 300 பிட்டுகள் எடுக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 91 இலக்கம் கொண்டது. நம் கண்ணுக்கும் தொலைநோக்கிக்கும் எட்டும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களே 81 இலக்க அளவில்தான் என்று மதிப்பிடுகிறார்கள். அப்படியிருக்க, பட்டறைக் கணிப்பொறியின் நினைவகத்தைப் பற்றிப் பேசுவானேன்?

இந்த வாதத்தை முதலில் கண்டவர் ஆலன் டூரிங். அவரைப் பற்றி நாம் அறிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. அவர் தாயார் எத்தல் சாரா 1881-இல் பிறந்தது கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். தாய்வழிப் பாட்டனார் எட்வர்டு ஸ்டோனி மதராஸ் இரயில்வேயின் தலைமைப் பொறியாளர். தகப்பனார் ஜூலியஸ் டூரிங் மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். ஆலன் மட்டும் 1912 ஜூன் 23 அன்று இலண்டனில் பிறந்தார். பிள்ளைகளை அங்கேயே ஓர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியின் குடும்பத்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மதராஸ் மாகாணத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பிழைப்பு ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம். பிள்ளையைச் சேலத்திலோ தருமபுரியிலோ பாட்டி வீட்டில் விட்டுவிட்டு இங்கே ஷிப்டு பார்க்கும் நம்மவர்களுக்கு இது புதிய கதையல்ல. 1954-இல் 41 வயதில் மகன் இறந்தபின், அவர் வாழ்க்கை வரலாற்றை 1959-இல் வெளியிட்டவர் போத்தனூரில் பிறந்த அந்தத் தாயார்தான்.

1928-இல் ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: எந்தக் கணித வாக்கியத்தைக் கொடுத்தாலும், அது அடிப்படை விதிகளிலிருந்து பெறப்படுமா என்று சொல்லிவிடும் இயந்திரத்தனமான முறை உண்டா? கேம்பிரிட்ஜில் இருந்த 23 வயது டூரிங், ‘இயந்திரத்தனம்’ என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினார். கட்டம் போட்ட நீண்ட காகித நாடா. அதில் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து படித்து, அழித்து, எழுதும் ஒரு கருவி. அது எப்போது என்ன செய்யவேண்டும் என்ற சிறிய அட்டவணை. அவ்வளவே. நண்பர் கேட்டாரே, இல்லாத வண்டிக்கு எப்படி என்று? வண்டியின் படத்தையே அவர்தான் முதலில் வரைந்தார். வண்டி பின்னால் வந்தது. அப்படிப்பட்ட இயந்திரங்களின் நடத்தையை முன்கூட்டிச் சொல்ல ஒரு பொது முறை இருக்கமுடியாது என்றும், அதனால் ஹில்பர்ட்டின் கேள்விக்கு விடை ‘இல்லை’ என்றும் 1936-இல் காட்டினார். அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் அதே ஆண்டு வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். ‘நிற்றல் சிக்கல்’ என்ற பெயரும், நான் மேலே சொன்ன வடிவமும் 1950-களில் பிறரால் வந்தவை.

பாஸ்கரரின் 61-க்கும் இதற்கும் உறவு உண்டு. முழு எண் விடை கேட்கும் இத்தகைய சமன்பாடு எதைக் கொடுத்தாலும் விடை உண்டா இல்லையா என்று சொல்ல ஒரே முறை உண்டா என 1900-இல் ஹில்பர்ட் கேட்டிருந்தார். டேவிஸ், பட்னம், ஜூலியா ராபின்சன் மூவரும் போட்ட பாதையில் நடந்து, லெனின்கிராடைச் சேர்ந்த 22 வயது மத்தியசேவிச் 1970-இல் முறை இல்லை என்று முடித்துவைத்தார். அப்படி ஒரு முறை இருந்தால், அதைக் கொண்டே நம் நடுவரைக் கட்டிவிடலாம் என்பதே நிரூபணத்தின் சாரம்.

“அப்ப இந்த வேலையையே விட்டுட்டாங்களா?” என்று நண்பர் சற்றுச் சோர்வோடு கேட்டார். இல்லை. இங்கேதான் எனக்கு மகளோடு கருத்து வேறுபாடு. ‘முடியாது’ என்று அவள் ஒரே சொல்லில் சொன்னது அரை உண்மை. எல்லாவற்றுக்கும் ஒரே நடுவர் முடியாது. பலவற்றுக்கு நல்ல நடுவர்கள் உண்டு, தெரியாதபோது ‘தெரியவில்லை’ என்று சொல்லும் நேர்மையோடு. 2006-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ‘டெர்மினேட்டர்’ என்று ஒரு நிரல் செய்தார்கள்; அச்சுப்பொறி போன்ற கருவிகளை இயக்கும் நிரல்கள் முடிவில்லாமல் சுற்றிக் கணிப்பொறியை முடக்குமா என்று சோதிப்பது அதன் வேலை. பெரும்பாலும் பதில் சொல்லும், சில வேளை கைவிரிக்கும்.

இதைவிடச் சுவையானது 2024-இல் நடந்தது. டூரிங்கின் நாடா இயந்திரத்தில் ஐந்தே நிலைகள், நாடாவில் 0, 1 என்ற இரண்டே குறிகள் என்று வைத்துக்கொண்டால் எழுதக்கூடிய அட்டவணைகள் சுமார் 16 இலட்சத்து 68 ஆயிரம் கோடி. வெற்று நாடாவில் தொடங்கி நின்றுவிடுபவற்றுள் மிக அதிக நேரம் ஓடுவது எது? இந்த விளையாட்டை 1962-இல் தொடங்கியவர் திபோர் ராடோ. 1989-இல் ஜெர்மனியில் மார்க்சன், புண்ட்ராக் என்ற இருவர் 4,71,76,870 அடி ஓடி நிற்கும் ஒன்றைக் கண்டார்கள். அதுதான் உச்சம் என்று சொல்லவேண்டுமானால், அதைவிட அதிகம் ஓடும் ஒவ்வொன்றும் ‘என்றைக்குமே நிற்காது’ என்று நிரூபிக்கவேண்டும். அதாவது, நம் நடுவர் செய்யவேண்டிய வேலை. 35 ஆண்டுகள் ஆயின. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள், பலர் கல்வித்துறைப் பின்னணி இல்லாதவர்கள், 2022 முதல் கூடி வேலை செய்து, ஒவ்வொரு வகை ‘நிற்காமை’க்கும் ஒரு சிறு நடுவரை எழுதி, மிஞ்சியவற்றைக் கையால் நிரூபித்து, 2024 ஜூலையில் முடித்தார்கள். நிரூபணம் முழுவதையும் ஒரு கணிப்பொறி வரி வரியாகச் சரிபார்த்தது. மிஞ்சியவற்றுள் ஒன்று, 1-க்குப் பின் 51 சுழி போட்ட எண்ணையும் தாண்டிய அடிகள் வரை ஒழுங்கே இல்லாததுபோல் அலைந்துவிட்டுப் பிறகுதான் ஒரே சுற்றில் விழுகிறது. அதை ஓடவிட்டுப் பார்த்து யார் கண்டிருக்க முடியும்?

ஆறு நிலைகளுக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே ஓர் இயந்திரம் செய்வதைப் பிள்ளைகளுக்கே சொல்லிவிடலாம். 8-இல் தொடங்குங்கள். ஒன்றரையால் பெருக்குங்கள், பின்னம் வந்தால் தள்ளிவிடுங்கள். 8, 12, 18, 27, 40, 60, 90, 135, 202, 303, 454, 681 என்று போகும். வழியில் வரும் ஒற்றை எண்களின் தொகை, இரட்டை எண்களின் தொகையைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் நிற்கவேண்டும். இந்தப் பன்னிரண்டில் இரட்டை எட்டு, ஒற்றை நான்கு. பூவா தலையா போட்டதுபோல் இரண்டும் பாதிப் பாதி வருவதாகத் தோன்றுவதால், நிற்காது என்றே எல்லோரும் நம்புகிறார்கள். நிரூபித்தவர் எவருமில்லை.

வெயில் ஏறிவிட்டது. நண்பரின் விளக்கக் கடிதம் எஞ்சியிருந்தது.

“1936-லயே முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னு எழுதிடலாமா சார்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வேண்டாம் என்றேன். அவருடைய நெஸ்டிங் நிரல் குறும்பன் அல்ல. துண்டுகள் இத்தனை, அவற்றைத் திருப்பிவைக்கும் விதங்கள் இத்தனை என்று எண்ணிக்கை அடங்கியது. பிழை இல்லாவிட்டால் என்றாவது நிற்கத்தான் செய்யும். ஆனால் முப்பது துண்டுகளை வரிசை மாற்றி அடுக்கும் விதங்கள் மட்டுமே 33 இலக்க எண். அதை நான்கு மணிக்கு ஒரு மனிதரிடம் விட்டுவிட்டு ‘நீயே முடிவு செய்’ என்பதுதான் குறை. இயந்திரங்களில் இதற்கு வெகுநாளாகவே ஓர் ஏற்பாடு உண்டு, நண்பருக்கே தெரியும். பட்டறையின் பி.எல்.சி.யில் ஒரு காவல் கடிகாரம் இருக்கும். நிரல் தன் ஒரு சுற்றை முடித்து அதைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், மாற்றாமல் விட்டால் 150 மில்லி நொடி கெடு. தட்டு வராவிட்டால் கடிகாரம் காரணம் கேட்காது, ஓட்டத்தை நிறுத்திவிடும். நிரல் நிற்குமா நிற்காதா என்று அதற்குத் தெரியாது. ‘இதற்குமேல் என்னால் காத்திருக்க முடியாது’ என்பது மட்டுமே தெரியும். அன்றிரவு நண்பர் செய்ததும் அதுவே. அவருக்குக் கெடு எவ்வளவு என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

ஆகவே கடிதத்தில் இரண்டே விஷயங்கள் போதும் என்று முடிவாயிற்று: எத்தனை நிமிடத்துக்குமேல் காத்திருக்கவேண்டாம் என்று எழுத்தில் தரவேண்டும், அதுவரை கண்டவற்றுள் சிறந்த வரைவைத் திரையில் காட்டும் வசதி அந்த நிரலில் இருந்தால் அதை இயக்கிவைக்கவேண்டும். நண்பர் கன்னடம் சரளமாகப் பேசுவார், எழுத வராது. மகள்தான் கன்னடத்தில் எழுதினாள். ஒரு வாரம் கழித்து இயந்திரத்தின்மேல் ‘40 நிமிடம்’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டதாகச் சொன்னார். விளக்கம் கேட்ட காகிதம் என்னவாயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு: முதலில் 13-ஐ எடுத்துக்கொண்டு பாஸ்கரரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள், இருநூறு அடிக்குள் நிற்கும், பொறுமை இருந்தால் கையாலேயே முடியும். பிறகு 29, அதற்கு இரண்டாயிரம் அடிக்குள். 109-ஐக் கையால் தொடவேண்டாம். அதற்கு விடை 15,14,042 கோடிக்கும் மேலே இருக்கிறது. நொடிக்குப் பத்துக் கோடி எண்கள் வீதம் பார்த்தாலும் 42 மணி நேரம். நண்பரின் மகள் இதைத் தன் மடிக்கணினியில் ஓடவிட்டிருக்கிறாள். இரண்டாம் நாள் இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது, “பாப்பா, இன்னும் சுத்திக்கிட்டே இருக்கே, கரண்டு பில் ஏறுது, நிறுத்திடட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்.

“தொடாதீங்கப்பா. 109 முழு வர்க்கம் இல்லை.”